நிலை அறிக்கை, எண் பதினேழு

பெட்டியை உடனே திறக்கக் கூடாது.
இருபத்துநான்கு மணி நேரம்
ஹித் கிடங்கின் குளிரில் கிடந்து
அது ஆசுவாசப்பட வேண்டும்.
வெளியே ஆகஸ்ட். லாரியின் தாழ்ப்பாளைத் தொட்டவன்
கெட்ட வார்த்தை ஒன்றை மூன்று மொழியில் சொன்னான்.

மறுநாள் பதினாறு திருகுகள்.
செலஸ்டின் கழற்றினான், நான் எண்ணினேன்.
உள்ளே, ஜன்னல் கதவளவுகூட இல்லாத பலகையில்
முக்கால் பங்கு வானம்.
அடியில் கோடு கிழித்தாற்போல் நிலம்,
ஒரு காற்றாலை,
நகத்தில் பாதி உயரத்துக்கு ஓர் ஆள், நாயோடு.

யோரிஸ் ஃபான் ஹெய்லோ.
கூட வந்த தாள் சொல்கிறது:
சாராயக் கடை நடத்தினான்.
நாற்பது வருஷம் ஒரே ஏரியை வரைந்தான்.
ஏரியை இறைத்து வயலாக்கிய பிறகும்
நின்ற இடத்திலேயே நின்று வயலை வரைந்தான்.
ரொட்டிக் கடனுக்கு மூன்று படம் போயிற்று.
செத்தபோது எடுத்த பட்டியலில்
பதினொரு நாற்காலி, ஒரு வாத்துக் கூண்டு,
'முடிக்காத வானங்கள், சில.'

மரைக்கே விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.
குறைகளை நான் எழுதினேன்.
இடது மூலையில் விரிசல், பழையது.
காற்றாலையின் மேல் புள்ளி, ஈ எச்சம்.
வானம்: மேகமூட்டம்.

மேகமில்லை, என்றாள்.
கண்ணாடியை அரைத்துச் செய்த மலிவு நீலம்.
எண்ணெயில் கிடந்து கிடந்து சாம்பலாகிவிட்டது.
அவன் தீட்டியது
பளிச்சென்று ஒரு காலை.

முந்நூறு வருஷமாக
குடை தேட வைத்த படம்!

காபி ஆறுவதற்குள் இன்னொன்றும் சொன்னாள்:
அவள் அண்ணனுக்கு மணல் உறிஞ்சும் கப்பலில் வேலை.
இந்தத் துறைமுகத்துக்குக் கடலைத் தூர்த்ததில்
அவனும் உண்டு.
மூவரும் ஒரு கணம் காலைப் பார்த்துக்கொண்டோம்.
பழைய வரைபடத்தில்
நாங்கள் நிற்கும் இடம் நாலு ஆள் ஆழம்.

மனாமாவில் கண்காட்சி திறந்த அன்று
ஊரெங்கும் புழுதி, சூரியன் ஒரு பழைய காசு.
படத்துக்கு முன்னால் கூட்டம் அதிகம்.
ஒரு சிறுமி விரல் நீட்டி
'மதர்' என்றாள், மழை என்று.
அவள் அப்பா ஃபோனை உயர்த்தினார்.
நான் கையுறையைச் சரிசெய்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்ப அடைக்கிறோம்.
மறுபடி விளக்கு, மறுபடி தாள்.
விரிசல் அப்படியே. ஈ எச்சம் அப்படியே.
செலஸ்டின் திருகுகளோடு காத்திருக்கிறான்.
அந்தக் குட்டி ஆளின் காலடியில்
ஊசி முனை கறுப்பு.
போன தடவை அழுக்கென்று விட்டிருந்தேன்.
நாய்க்கும் உண்டு, அதே பக்கம் சாய்ந்து.

எழுதினேன்:
நிழல், இரண்டு.
நல்ல நிலையில் உள்ளன.