எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கன்ரர்

செங்கல் ஏற்றிய லொறி.
மாங்குளத்தில் வாங்கும்போது பெட்டித் தளத்தில்
இரண்டு விரற்கடை செம்மண்.
சுரண்டி, கழுவி, மூன்றாம் நாளும்
தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடியது.

நாலு சில்லும் இழுக்கும் என்றான் விற்றவன்.
இழுத்தது இரண்டு.
முன் அச்சின் அடைப்பைக் கழற்றினேன்,
ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது.
மேலே, மூச்சுவிடும் முனையில்
குளவி மண்கூடு கட்டியிருந்தது.

அச்சுக்கும் மூச்சு வேண்டும்.
சூடாக ஓடிவந்து குளிர்தண்ணீரில் இறங்கினால்
அது மூச்சை உள்ளே இழுக்கும்.
வாய் அடைத்துக் கிடந்தால் சீலால் உறிஞ்சி
ஆற்றையே குடிக்கும்.

குழாய் போட்டு முனையை ஹெட்லைற்றுக்கு மேல் ஏற்றினேன்.
முதலில் கைக்கு வந்தது சேலைன் குழாய்.
மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய காலத்துக் கை இது,
இரண்டு சொட்டுப் பெற்றோல், குழாய், ஒரு உதை
என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறது.
வெயிலுக்கு வெடித்துவிடும்.
எறிந்துவிட்டுக் கடையில் கறுப்பு றப்பர் வாங்கினேன்.

பின்னுக்கு ரக்ரர் பெட்டியின் வில்லுத்தகடு இரண்டு.
காற்று இழுக்க நாலங்குல பிவிசி, கூரைவரை.
மழைக்கு அதன் தலையில் கவிழ்க்க
ஒரு அலுமினியச் சட்டி.
"சொதிச்சட்டி எங்க?" என்று சுகிர்தா
இரண்டு நாள் தேடினாள்.
மூன்றாம் நாள் லொறியை அண்ணாந்து பார்த்தாள்.

கூடாரம் தைத்தது அவள்தான்.
பச்சைக் கன்வஸ், தடித்த நூல், இரட்டைத் தையல்.
நான் வாங்கிவந்த வெள்ளைத் தறப்பாளை
மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.
ஏன் எண்டு நான் கேட்கேல்லை.

பெற்றோல் செட் பெடியன் சட்டியைப் பார்த்தான்,
படுக்கையைப் பார்த்தான்.
"எங்க அக்கா முகாம் போடப் போறியள்?"
"முகாம் இல்லைத் தம்பி," என்றாள்.
"படுக்கப் போறம்."

முத்தையன்கட்டுக்கு அங்கால்
யானை விட்டைகள்தான் பாதையைக் காட்டின.
மணலில் காற்றைப் பாதி இறக்கினேன்,
ரயர் வயிறு தள்ளிக்கொண்டு பிடித்தது.
ஆற்றில் சுகிர்தா பாவாடையைத் தூக்கிச் செருகி
தடியோடு முன்னால் நடந்தாள்.
முழங்கால். தொடை.
"முதலை இருக்கும்" என்றேன்.
"அதுக்கும் சொல்லிவிட்டுத்தான் போறன்."
அக்கரையில் நின்று கையை உயர்த்தினாள்.

முதலாம் கியர். கால் எடுக்காமல், அவசரப்படாமல்.
தண்ணீர் கதவின் அடியில் புகுந்து செருப்பைத் தூக்கியது.
ஏறியதும் முதலில் அச்சின் கீழே படுத்தேன்,
விரல்விட்டுப் பார்த்தேன்.
தேன் நிறம். ஒரு துளி தண்ணீர் இல்லை.
இதற்காக யாரும் கைதட்டுவதில்லை.
நானே கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

இரவு. கருவாடு, சோறு, வீரமரத்தின் கீழ் நெருப்பு.
பெட்டிக்குள் மெத்தை. கன்வசில் நுளம்பின் தட்டல்.
அவள் புரண்டாள். எழுந்து இருந்தாள். புரண்டாள்.
"யானை வராது," என்றேன்.
"யானை இல்லை. ஒருக்கால் ஸ்ராட் பண்ணுங்கோ."

ஆறு மாதம் லொறிப்பெட்டியில் படுத்தவள்.
எஞ்சின் நின்றால் இறங்கி பங்கர் வெட்ட வேண்டும்.
ஓடும்வரைக்கும் நித்திரை.
இவ்வளவையும் அவள் சொல்லவில்லை.
"ஓடாட்டி எனக்குக் கண் மூடாது" என்றாள், அவ்வளவுதான்.

திறப்பைத் திருகினேன்.
நின்ற இடத்தில் நின்றபடி கன்ரர் நடுங்கியது.
புகைக்குழாய் காட்டுப்பக்கம் பார்க்கிறதா என்று
இறங்கிப் போய் உறுதிசெய்தேன்.
திரும்பி வந்தபோது வாயைத் திறந்தபடி
தூங்கியிருந்தாள்.

விடியும்வரை ஓடினால் பத்து லீற்றர் போகும்.
ரிசேவ் கான் ஒன்றுதான் இருக்கிறது.
திரும்பும் வழியைக் கணக்குப் போட்டேன், சரிவரவில்லை.
மூன்றாவது சிலிண்டர் டப்பெற் வேறு கொஞ்சம் தட்டுகிறது.
டிக், டிக்.
நாளைக்கு இறுக்க வேண்டும்.
இன்றைக்கு நிற்பாட்ட மாட்டேன்.