மொட்டை மாடி பெஞ்சு

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஏதோ ஒரு ஜெர்மன் இயந்திரம் இறங்கியதும்
அது நின்றுவந்த பேலட்டுகள்
காயலான் கடைக்குப் போயின.
ஒன்று நூற்றிருபது, ஐந்தாக எடுத்தால் ஐந்நூறு.
ஐந்தாக எடுத்தேன்.

"பைன்மா இது" என்றார் ஏகாம்பரம்.
கட்டைவிரல் நகத்தை அழுத்திக் காட்டினார்,
பிறை போல் ஒரு பள்ளம்.
"நகத்துக்கே வழி விடுது.
அக்னி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும்
இன்னா பதில் சொல்லும்?
வேம்பு வாங்கு. இல்ல, இரும்பு."

இரும்பில் மதியம் யார் உட்காருவது?
வேம்புக்குப் பணம் ஏது?
பதினோரு அறை, நான்கில் வாடகை பாக்கி,
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கதவை
எந்த விரலால் தட்டுவது?
துணைக்கு வந்தவர்கள் ராத்திரி
தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து
போனில் ஊருக்குச் சொல்கிறார்கள்,
எல்லாம் நன்றாகப் போகிறது என்று.
அந்த மொழிகள் எனக்குத் தெரியாது.
அந்தக் குரல் தெரியும்.
அவர்கள் முதுகு சாய ஒரு பலகை,
அவ்வளவுதான் கணக்கு.

ஆணி பிடுங்கி, இழைத்து,
வெட்டுமுகங்களுக்கு மட்டும் மூன்று கை
லின்சீட் எண்ணெய் குடிக்கக் கொடுத்து,
கால்களுக்கு அடியில் கடப்பாக்கல் துண்டு வைத்து
நிறுத்தினார்.
சூடுபோட்ட முத்திரையை நான் இழைக்க விடவில்லை.
கப்பலேற்றுமுன் உலையில் வாட்டிப்
பூச்சி கொன்றதற்கு அத்தாட்சியாம் அது.
வேலூருக்கு வருமுன்னே
ஒரு வேலூரைப் பார்த்துவிட்ட மரம்.

சித்திரைக் கடைசியில் கணுக்கள் கசிந்தன.
ஒன்பதாம் அறை மொண்டல் அம்மா எழுந்தபோது
பெஞ்சும் கொஞ்ச தூரம் கூடவே எழுந்தது.
"டர்பன்டைன் போட்டுத் துடை" என்றார் ஏகாம்பரம்,
"அதுவும் இந்த மரத்துலதான் எடுக்கறாங்க."
தன் பிசினைத் தானே கழுவிக்கொள்ளும்
ஒரு ஜாதி.

அன்றைக்கே சாயங்காலம் கோடை மழை,
பத்து நிமிஷம்.
ஆறாம் அறை பான்ஷாய் துணி எடுக்க மேலே வந்தவர்
துணியை மறந்து
பெஞ்சின் முன் குந்தி
பலகையில் மூக்கை வைத்தார்.
"டியெங் க்செ" என்றார் என்னிடம்,
எனக்குப் புரியும் என்பது போல.
எதிரே இருந்த மொட்டை மலையைக் காட்டி
விரல்களைச் செங்குத்தாக நட்டு நட்டுக் காட்டினார்,
மலை நிறைய.

இரண்டு மாடி, தூக்காத குறையாக
மனைவியைக் கூட்டி வந்தார்.
மூன்றாவது கீமோ முடிந்த வாரம்.
சோறு, சோப்பு, தலையணை எல்லாமே
அவளுக்குத் தகர வாடை அடித்ததாம்.
முகமூடியை இறக்கி முகர்ந்தாள்.
முகர்ந்து, அவரை ஒரு திட்டு திட்டினாள்.
அவர் சிரித்தார்.
அந்த மாதத்தில் அன்றுதான் சிரித்தார்.

ரிசப்ஷன் பையன் இந்தியில் விசாரித்துச் சொன்னான்:
"எங்க ஊர் மரம் இல்லையாம் அக்கா.
இது செத்த மரம், வாசனையே பத்தாது,
யாரோ உங்களை ஏமாத்திட்டாங்களாம்."
ஆனாலும் தினம் ஐந்தரைக்கு
அந்தப் பத்தாத வாசனையில் வந்து உட்கார்ந்தாள்,
ஊர் திரும்பும் நாள் வரை.
அதற்கப்புறம் போன் எதுவும் இல்லை.
நானும் செய்யவில்லை.

ஐப்பசியில் இடது பின்னங்கால் மெத்தென்றானது.
நகம் போதும், கத்தி வேண்டாம்.
"சொன்னேன்ல?" என்றார் ஏகாம்பரம்,
சொல்லிவிட்டு, மீதி வைத்திருந்த
வேப்பங்கட்டையில் ஒரு கால் செய்து மாட்டினார்.
காசு வாங்கவில்லை.

இப்போது மூன்று கால் பைன், ஒரு கால் வேம்பு.
கொஞ்சம் ஆடுகிறது.
ஆறாம் அறையில் அகர்தலாக்காரர்கள்.
வெயில் காலத்தில் துண்டு விரித்து உட்காரச்
சொல்லியிருக்கிறேன்.