திருப்பிக் கொடுத்தவை

தம்பெரே நகரில், நீர்வீழ்ச்சிக்குப் பின்பக்கத் தெருவில்
பழைய வீடியோ கேம் வாங்கி விற்கிறேன்.
நவம்பரில் இங்கே மூன்றரைக்கே இருட்டிவிடும்.
அதற்கு மேல் கதவைத் தள்ளுகிறவர்கள்
பெரும்பாலும் வாங்க வருவதில்லை.

டிஸ்கை மேசைமேல் வைத்துவிட்டு
கையுறையைக் கழற்றாமல் நிற்பார்கள்.
"நல்ல கேம்தான்" என்று ஆரம்பிப்பார்கள்,
கடன்காரன் முதலில் உடம்பு நலம் விசாரிப்பதைப் போல.

மெமரி கார்டும் கூடவே வந்துவிடும்.
அழித்துவிட்டுத்தான் விற்க வேண்டும்.
அழிக்கும்முன் ஒருமுறை பார்ப்பேன்.
அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது மாதிரிதான்,
தெரியும். பார்ப்பேன்.

ட்ராம் ஓட்டுகிற பிர்க்கா
கார் பந்தயத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டவே இல்லை.
"எனக்குத் தண்டவாளம் திருப்பித் தந்தே பழக்கம்" என்றான்.
"இதில் நானே திரும்ப வேண்டியிருக்கிறது."

சில்வி, ஹோட்டலில் இரவு வரவேற்பாளர்.
பேய் கேமில் பதினொரு நிமிடம்.
பேய் அல்ல, நடைபாதையில் வரிசையாய் மூடிய கதவுகள்தான் பிரச்சினை.
"எங்கள் ஹோட்டலில் கதவு திறந்தால்
யாரோ இன்னொரு துண்டு கேட்பார்கள்.
இங்கே என்ன கேட்பார்கள் என்றே தெரியவில்லை."

சதுரங்கம் கற்றுத்தரும் யால்மாரிக்கு
படை திரட்டும் கேம் மேல் கோபம்.
நான் யோசித்துக்கொண்டிருக்கையில்
எதிரி கோட்டை கட்டுகிறான்,
இது என்ன மரியாதை?

தௌனோ எழுபது வயதில் சுடுகிற கேம் வாங்கினார்.
ஹெட்செட்டில் ஏதோ ஒரு ஊர்ப் பையன்
அவருடைய அம்மாவைப் பற்றிப் பேசினானாம்.
காது மிஷினைக் கழற்றி வைத்தார், நிம்மதி;
ஆனால் பின்னால் வருகிறவன் காலடியும்
கேட்காமல் போயிற்று.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.
குதிக்கிற கேம் எனக்கு ஆகாது.
இரண்டாம் லெவலில் ஒரு பள்ளம்.
என் கட்டைவிரல் அரை நொடி
பிந்திப் பிறந்தது.
முப்பது வருடமாக அந்தப் பள்ளத்தில்
விழுந்துகொண்டிருக்கிறேன், கடை வைத்திருப்பவன்.
கேட்டால் முழங்கால் வலி என்பேன்,
விளையாடுவது உட்கார்ந்துகொண்டுதான் என்றாலும்.

போன குளிர்காலத்தில்
ஆம்புலன்ஸ் ஓட்டும் ஏரிக்கா
ஒரு விவசாய கேமைத் திருப்பித் தந்தாள்.
அதை யாரும் திருப்பித் தந்ததே இல்லை.
ஐந்து வயதுக் குழந்தைகூட விளையாடும்.

"பூசணி விதைத்தேன்" என்றாள்.
"தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் மழை பெய்தது.
யாரும் கூப்பிடவில்லை.
இனி என்ன செய்ய என்று பார்த்தால்
படுத்துத் தூங்கு என்கிறது."
கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது.
"எனக்கு அது வராது."
பதிலுக்கு, செத்தவர்கள் எழுந்து துரத்துகிற கேம் ஒன்றை
எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிரவு அவள் கார்டைப் போட்டேன்.
ஆறு மணி நேரம், நாற்பது நிமிடம்.
வேலியோரம் மூன்று பூசணிக் கொடி,
வாடிக் குனிந்து.
பெயர் வைக்காத நாய் ஒன்று
வாசலையே பார்த்துக்கொண்டு.

அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தேன்.
எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.
இதில் குதிக்க வேண்டியதில்லை.
எவ்வளவு பிந்தினாலும்
தண்ணீர் தண்ணீர்தான்.
மறுநாளும் ஊற்றினேன்.

மார்ச்சில், ஏரியில் பனி விரிசல் விடுகிற வாரம்,
ஏரிக்கா வந்தாள்.
பின்னால் நின்ற ஆளை முன்னே விட்டாள்.
சுவரில் இருந்த விலைப்பட்டியலை
இரண்டு முறை படித்தாள்.
"அந்தப் பூசணி கேம்... விற்றுப்போச்சா?"

மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
பணம் வாங்கிக்கொண்டேன், கடை கடைதானே.
காய்கள் முற்றியிருக்கின்றன என்று சொல்லவில்லை.
பறிக்காமல் விட்டிருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.
நாய்க்கு இன்னும் பெயர் இல்லை,
அது என் வேலை அல்ல.

மணிக்கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.
ஆறு இப்போது நாற்பத்தொன்று.
பார்க்கட்டும்.

கடையை மூடியபின் அந்தப் பள்ளத்துக்கு
மறுபடியும் போய் நின்றேன்.
விழுந்தேன்.