நாற்காலிக் கணக்கு

அறுபத்திரண்டு நாற்காலி.
புதுக்கடை பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தது,
நீலம் போதாமல் பத்து மட்டும் சிவப்பு.
குழந்தைகள் தினம் முடிந்த கையோடு
அப்பாக்களுக்கும் ஒரு நாள் வைப்போம் என்று
புதிதாக வந்த ஹெட்மாஸ்டர் சொன்னதில்
தப்பொன்றும் இல்லை.
ஒரு பிள்ளைக்கு ஒரு அப்பா.
கணக்கு டீச்சர் நான்;
இதைவிட எளிய கணக்கு போட்டதில்லை.

பத்து மணிக்குப் பத்தொன்பது பேர்.

பால்வெட்டு முடித்து நேரே வந்த டென்னிசன்
கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்து
முன்னங்கை ரோமத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பரைச்
சுருள் சுருளாக உரித்துக்கொண்டிருந்தார்.
குளிக்கப் போயிருந்தால் நேரமாகியிருக்குமாம்.
யாரும் கேட்காமலே
இரண்டு தடவை சொன்னார்.

ஜெப்ஷாவுக்கு அவள் அண்ணன்,
எங்கள் பிளஸ் டூ பையன்தான்.
பிசிக்ஸ் வகுப்பில் அனுமதி வாங்கி
யூனிஃபார்முக்கு மேலே
அப்பாவின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான்.
தோள்தையல் பாதிக் கைக்கு இறங்கியிருந்தது.
ஒக்கி அடித்தபோது
அவள் பிறந்து நாற்பது நாள்.

அஜின் ஒரு ஃபோனோடு வந்தான்.
அப்பா கரை விட்டு முப்பத்தாறு நாள்.
சாட்டிலைட் ஃபோனில் வந்த குரலை
அம்மா பதிந்து கொடுத்திருந்தாள்.
மைக்கில் வைத்தோம்:
எஞ்சின் சத்தம், காற்று, எஞ்சின் சத்தம்,
"கேக்குதா மக்களே... சோறு தின்னியா..."
பிறகும் காற்று.
ஃபோனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப்
பக்கத்தில் நின்றுகொண்டான்.

அப்புறம்தான் வேன் டிரைவர் வறுவேலை
நாலைந்து பேர் கையைப் பிடித்து இழுத்து வந்தது.
"வண்டி ரோட்டுல கிடக்கு டீச்சர்,
ஓரம் போட்டுட்டு வாறேன்."
விடவில்லை.
தேங்காப்பட்டணம் வளைவில் எவன் வாந்தியெடுப்பான்,
எந்த வீட்டு முன்னால் ஹார்ன் அடிக்கக் கூடாது,
எல்லாம் தெரிந்த ஆள்.
ராத்திரி சண்டை நடந்த வீட்டுப் பிள்ளைக்கு
மறுநாள் காலை முன்சீட்டு.
ஏன் என்று கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

ஒவ்வொருவராக வந்து
காக்கிச் சட்டையில் பேட்ஜ் குத்தினார்கள்.
ரோஸ் நிறத் தாளில் கிரேயானால் எழுதிய அப்பா.
ஒன்று மட்டும் அப்பபா.
குண்டூசி தோலில் பட்டபோதெல்லாம்
"மெல்ல பிள்ளே, மெல்ல."

வண்டியில் வருவது பதினான்கு பிள்ளைகள்.
எண்ணினேன், பழக்கம்.
பதினைந்து.
கீழிருந்து மேலாக மறுபடி எண்ணினேன்.

இடது பாக்கெட்டுக்கு மேலே இருந்ததில்
அகரத்தின் சுழி என் மகளுடையது.
எத்தனை திருத்தியும் மாறாத சுழி.
ஆனால் அவள்
என் ஸ்கூட்டரில்தானே வருகிறாள்.

சாயங்காலம் கேட்டேன். சொன்னாள்:
"அண்ணைக்கு மழையில, மார்த்தாண்டத்துல மீட்டிங்குன்னு
நீ வர நேரமாச்சே.
கேட்டு பூட்டியாச்சு.
அங்கிள் டிரிப்பு முடிச்சுத் திரும்பி வந்தாரு.
என்னை வண்டிக்குள்ள இருத்திட்டு
நீ வரது வரைக்கும் வெளிய நின்னாரு.
உன் ஸ்கூட்டர் லைட்டு தெரிஞ்சதும் போயிட்டாரு."

அந்த மழை எனக்கு நினைவிருக்கிறது.
அவள் நனையாமல் நின்றிருந்ததை
நான் கவனித்திருக்கவில்லை.

ராத்திரி ஷார்ஜாவிலிருந்து அவர் கூப்பிட்டார்.
"எனக்கு பேட்ஜ் செய்தியாமே. எங்க, காட்டு."
அவள் என்னைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள்.
"அது வண்டியில போயிட்டிருக்கு அப்பா."

லைன் கட்டானதுபோல் கொஞ்ச நேரம்.
"ஆருக்க வண்டி?"
சொன்னாள், மழையிலிருந்து தொடங்கி.

அவருக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
பிறகு என்னிடம்,
"அந்த ஆளுக்க நம்பர் குடு."