வெறுங்கழி

லாங் பஜாரில் சைக்கிள் டியூபுக்கும் கொசுவலைக்கும் நடுவே
மூன்று கழிகளைச் சாய்த்து வைத்திருந்தார் நூருல்லா.
வளையமில்லை, கைப்பிடியில்லை.
"பிளாங்க் மேடம். மீதியெல்லாம் நீங்கதான் கட்டிக்கணும்."
கடல் இங்கிருந்து மூன்று பஸ் தள்ளி.

யாருக்கு என்று கேட்டார்.
எனக்கு ஆட்கள் இப்படித்தான் நினைவிருப்பார்கள்:
இடது, முட்டிக்குக் கீழே,
பதினான்கு சென்டிமீட்டர் மிச்சம்,
தேசிங்கு, வாயலூர்.
முப்பது வருஷம் கடல் தொடாத காலை
ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு ஜல்லி லாரி எடுத்துக்கொண்டது.

மூன்றாம் முறை அளவு பார்க்க வந்தவர்
"நடக்க நல்லா இருக்குக்கா, நிக்கத்தான்..." என்று நிறுத்தினார்.
படகில் ஏறுவதில்லையாம்.
பாலாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல் திட்டு,
அதில் நின்று கொடுவாவுக்குத் தூண்டில் போடப் போகிறாராம்.
பெரிசா ஒண்ணு இழுத்தா இது தாங்குமா?
அதை என்னிடம்தான் கேட்க வேண்டும்.
இது நான் செய்தது.

முதல் கழி கறுப்பு. முழுக் கார்பன். கையில் எடையே இல்லை.
நுனி ஒரு சாண் வளைந்தது, அதற்குமேல் கடப்பாரை.
"இதுல மாட்டினா பாறைகூடத் தப்பாது" என்றார்.
கார்பனை எனக்குத் தெரியும்.
தினமும் துணி துணியாக அடுக்கிப் பிசின் பூசுகிறேன்.
அது வலிக்கிறது என்று சொல்லாது.
போன மாசிமாதம் ஒரு பாதத்தகடு வராந்தாவில் உடைந்தபோது
பட்டாசு என்று வாட்ச்மேன் ஓடிவந்தார்.

இரண்டாவது கண்ணாடி நார், மஞ்சள், அடிப்பக்கம் கட்டைவிரல் தடிமன்.
கேழ்வரகுக் கூழ் மாதிரி வளைந்தது.
வீசினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகும்.
எதிர்க்காற்றில் அதுவும் போகாது.

மூன்றாவது இரண்டும் கலந்தது. ஏழரை அடி.
நடுவில் கழற்றலாம், பஸ்ஸில் வைக்கலாம்.
கண்ணாடி மேசையில் மெதுவாக உருட்டினேன்.
ஓரிடத்தில் தடுக்கி, தானே திரும்பிப் படுத்தது.
அதுதான் இதன் முதுகு.
அந்தக் கோடு பார்த்து வளையம் கட்டாவிட்டால்
பாரம் ஏறும்போது கழி முறுக்கிக்கொள்ளும்.
முறுக்கல்தான் எனக்குப் பயம்.
முறுக்கினால் தோல் உரியும், உரிந்தால் புண்,
புண் என்றால் இரண்டு மாசம் கால் மூலையில் கிடக்கும்.

அரைக்கிலோ எடைக்கல் ஒன்றைக் கேட்டேன்.
பக்கத்து மளிகையில் வாங்கிவந்தார், முகத்தில் சந்தேகத்தோடு.
நுனியில் நூல் கட்டித் தொங்கவிட்டு
அடியை அக்குளில் இடுக்கி, இடது காலை மடக்கிக்கொண்டேன்.
பிறகு ஒரு கிலோ.

மீன் நூலை இழுக்கும், நூல் நுனியை,
நுனி மணிக்கட்டை, தோளை, இடுப்பை.
இடுப்பிலிருந்து இறங்கி அந்தக் குவளைக்குள்
பதினான்கு சென்டிமீட்டர் தோலில் போய் முட்டும்.
அதற்குள் எங்கேயாவது
ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஒரு கிலோவுக்கு வளைவு பாதிக்கழி வரை இறங்கி
இணைப்புக்கு ஒரு சாண் மேலே நின்றது.
கல்லை எடுத்ததும் நிமிர்ந்தது,
நடுங்காமல், ஒரே மூச்சில்.

"கொக்கி ஆழமா ஏறாது மேடம், நாலுல ஒண்ணு தப்பிச்சிடும்."
போகட்டும் என்றேன்.
"மீன் போகட்டும்னு சொல்ற ஆளுக்கு
நான் இதுவரைக்கும் வித்ததில்லை"
என்றபடி நூறு ரூபாய் குறைத்தார்.
இன்னொரு ஐம்பதுக்கு மசியவில்லை.

காட்பாடி ஷேர் ஆட்டோவில்
கழற்றிய இரண்டு துண்டும் வெளியே நீட்டிக்கொண்டு வந்தன.
பாலத்தின்மேல் காற்று நுனியைக்
கொத்திக் கொத்தி விட்டது.
கீழே மணலில் பையன்கள் விக்கெட்டுக்குக் கல் அடுக்கினார்கள்.

பட்டறையில், தேசிங்கின் பிளாஸ்டர் அச்சுக்குப் பக்கத்தில்
ஒட்டுத்தாளில் "செவ்வாய்" என்று எழுதிச் சாய்த்து வைத்தேன்.
அடுத்த மேசை ஜெபராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு
"இது யாரோட கால்?" என்றான்.
இன்னும் வளையம் கட்டலை என்றேன்.