எட்டுக்கு நாலு

ஃபுளோரிடாவின் இந்தக் குடியிருப்பில்
ஐம்பத்தைந்து வயது ஆகாதவர்களுக்கு வீடு கிடையாது.
எனக்கு நாற்பத்தொன்று.
கராஜுக்குக் கோடு போடுகிறவள் என்பதால்
வாசல்காரர் தினமும் கையசைத்து உள்ளே விடுகிறார்.

கோல்ஃப் வண்டி எட்டடி நீளம், நாலடி அகலம்.
ஆனால் அது வண்டியின் அளவுதான்.
இடது முட்டி மடங்காதவர் இறங்க இரண்டரை அடி,
ஊன்றுகோலுக்கு இன்னும் அரை,
மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க
திரும்பி ஏறுகிறவருக்கு எவ்வளவு?
எந்த அட்டவணையிலும் இல்லை.
நான் ஒரு சாண் கூட்டிப் போடுவேன்.

கடைசியில் ஆறடி போதும் என்று ஒரு பேச்சு உண்டு.
போய்ச் சேரும் வரைக்கும்
எட்டடி வேண்டியிருக்கிறது.

டெல்மர் ஹக்கபி டொலீடோவிலிருந்து வந்தவர்,
கண்ணாடி ஆலையில் முப்பத்துநாலு வருஷம்.
கட்டம் போட்ட தாளில் கராஜைத் தானே வரைந்து,
தானியப் பெட்டி அட்டையில் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து
சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார்:
ஒரு கார், இரண்டு வண்டி, உறைபெட்டி,
பட்டறை மேசை, மீன்தூண்டில் நிற்க ஒரு குச்சி.
என் மேசையில் பரப்பி
தாயக்காய் நகர்த்துவதுபோல நகர்த்தினார்.
எப்படி நகர்த்தியும்
எள் போட இடமில்லை.

"ஒரு வண்டி போதும்" என்றார் ஓர்லீன்.
"நீ சீட்டாடப் போவாய், நான் ஏரிக்குப் போவேன்,
யாருக்காக யார் காத்திருப்பது?"
"இத்தனை வருஷம் நான் காத்திருக்கவில்லையா?"
படிவத்தில் ஒன்று, இரண்டு என்று கட்டங்கள் இருந்தன.
பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
இந்தக் கேள்வியில் எல்லாரும் கொஞ்சம் நிற்பார்கள்.
எத்தனை வண்டி என்பதற்குள்
எத்தனை பேர், எத்தனை நாள் என்றும் இருக்கிறதே.

ஓர்லீன் தாளைப் பார்த்தார்.
பிறகு இரண்டு விரலால்
அட்டைக் காரை எடுத்து
கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"இப்போது இரண்டும் நிற்கும்."

டெல்மர் வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"அந்தக் காரையா?"
"அதையேதான். ராத்திரியில் உனக்கு
வெள்ளைக்கோடு தெரிவதில்லை, டெல்.
நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து
இருமி இருமிச் சொல்கிறேன்."

இருமல் என்றால் வலப்பக்கம் போகிறாய் என்று அர்த்தமாம்.
இரண்டு இருமல் என்றால் நிறுத்து.

அதற்கப்புறம் வேலையைப் பேசினோம்.
குனியாமல் செருக இடுப்பு உயரத்தில் இரண்டு மின்செருகி.
மின்சாரம் ஏறும்போது பேட்டரி மூச்சு விடும்,
மேலே காற்றுப்போக்கி வேண்டும்.
வடிநீர்க் குடம் வைக்கத் தாழ்வான தட்டு.
சின்னக் கதவு ஏழடி அகலம்,
ஆறே போதும், ஆனால்
கண்ணாடியை இடித்தபின் வாங்குகிற கதவுக்கு விலை அதிகம்.

எழுந்து போகும்போது டெல்மர் திரும்பி நின்றார்.
"காரை ஒரு புள்ளிக்கோடாகவாவது போட்டுவை.
நாளைக்கு வாங்க வருகிறவன்
இங்கே கார் நிற்கும் என்று தெரிந்துகொள்ளட்டும்."
இல்லாததைப் புள்ளியாகப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான்.
ஓர்லீன் கதவைப் பிடித்தபடி
வேறெங்கோ பார்த்தார்.
போட்டேன். பதினாறுக்கு ஆறு.

ஆவணியில் புயல் கடந்த மறுநாள்
தரை நனைந்ததா என்று பார்க்கப் போயிருந்தேன்.
ஈரமில்லை. வண்டிகள் இரண்டும்
ஒயரைக் கவ்விக்கொண்டு முனகிக்கொண்டிருந்தன.
ஓர்லீனின் வண்டியில் பச்சை மெத்தை.
புள்ளிக்கோடு இருக்கவேண்டிய இடத்தில்
உறைபெட்டி, துணி காயவைக்கும் சட்டம்,
ஒரு பெரிய வெறுமை.
கூரையிலிருந்து கயிற்றில் ஒரு டென்னிஸ் பந்து,
கார் கண்ணாடியைத் தொட்டு
'போதும், நில்' என்று சொல்கிற உயரத்தில்.

"எதற்கு இது?" என்றேன்.
"அவரைக் கேள்" என்றார் ஓர்லீன்
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.
"தினமும் நான்தான் முட்டிக்கொள்கிறேன்."