ஆயத்துறை, கிலோமீட்டர் 94

கேசியா நான்காம் கூண்டு. நான் மூன்றாம் கூண்டு.
நடுவில் ஒரு கண்ணாடி, டீசல் புகை,
கோயாஸ் மாநிலத்தின் செம்மண் தூசி.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
சோயா லாரிகள், பன்றி லாரிகள்,
அனாப்போலிஸ் போய்ச்சேர வேண்டிய மருந்து லாரிகள்.
ஆறு ரெயால் நாற்பது. மீதி. ரசீது.
"பத்திரமாகப் போங்கள், கர்த்தர் கூடவே வருவார்."
முதல் பாதி கம்பெனி சொல்லித் தந்தது.
மறுபாதிக்கு இரண்டு முறை மெமோ வாங்கினாள்.

வண்டி நகர்ந்ததும் அதன் நம்பரைச் சொல்லி ஜெபிப்பாள்.
பெயர்கூடத் தெரியாதே என்றேன்.
அவருக்கு நம்பர் போதும் என்றாள்.

நான் சபைக்குப் போகிறவன் இல்லை.
என் சாவிக்கொத்தில் தொங்கும் புனிதரை
ஒருநாள் விக்கிரகம் என்றாள்;
ஒரு வாரம் நான் பேசவில்லை.
பல்வலி வந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து
தாடையில் கை வைத்து அதட்டினாள்,
வலியை, என்னை அல்ல.
வியாழக்கிழமை பல்லைப் பிடுங்கினார்கள்.
"பார்த்தாயா, போய்விட்டது" என்றாள்.

அவளுடைய சபை முன்பு டயர் கடை.
மழை நாளில் இன்னும் ரப்பர் வாசனை.
திரையில் பாட்டு ஓடும், மூலையில்
காணிக்கைக்கான க்யூஆர் சதுரம்.
ஒருமுறை போனேன், அவள் சாட்சி சொல்கிறாள் என்று.
குடியை விட்ட கணவன்,
வங்கியிலிருந்து திரும்பிய வீட்டுப் பத்திரம்,
ஸ்கேனில் காணாமல்போன கட்டி,
என் பல்கூட.
எலியேலை மட்டும் சொல்லவில்லை.

எலியேல் அவள் மகன்.
அதே மேடையில் டிரம்ஸ் வாசித்தவன்.
இரண்டு வருடத்துக்கு முன்
வினீசியுஸ் என்கிறவனோடு வாழப்போகிறேன் என்று
சாப்பாட்டு மேஜையில் சொன்னான்.
போதகர் வந்தார், எண்ணெய் வந்தது,
மூன்று நாள் உபவாசம்.
நான்காம் நாள் பெட்டியோடு போனான்.
டிரம்ஸை அவள் விற்கவில்லை.
அதன்மேல் துணி காயப்போடுகிறாள்.

ஞாயிறு இரவுகளில் பிரசிலியாவுக்குத் திரும்பும்
வெள்ளிநிறக் கார் ஒன்று.
தானியங்கி வழி. ஒரு பீப். கட்டை எழும்.
அந்தச் சத்தத்துக்கு அவள் தலை திரும்பாது.
உதடு மட்டும் ஒரு கணம் நிற்கும்.

மாத முடிவோடு கூண்டுகள் இல்லை என்று அறிவித்தார்கள்.
கம்பத்தில் கேமரா, இனி யாரும் நிற்க வேண்டாம்.
தொலைக்காட்சியில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்:
யாரும் நிற்க வேண்டாம்.
ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த ஒருவனை
யாரோ வா என்று கூப்பிட, எழுந்து போனானாம்;
டயர் கடையில் கேட்ட பிரசங்கம்.
எங்களை யாரும் கூப்பிடவில்லை.
போகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கடைசி ஞாயிறு அந்த வெள்ளிக் கார்
தானியங்கி வழியை விட்டு விலகி
எட்டு லாரிக்குப் பின்னால் வரிசையில் நின்றது,
நான்காம் கூண்டுக்கு.
என் வழி காலியாகத்தான் இருந்தது.

அவன் நீட்டியது இருநூறு ரெயால்,
ஓநாய் படம் போட்டது.
இங்கே யாரும் கொடுக்காத நோட்டு.
சில்லறை இல்லையா என்று எல்லோரையும் கடிந்துகொள்பவள்
ஒன்றும் கேட்கவில்லை.
எண்ணினாள். ஐம்பது, நூறு, நூற்றைம்பது.
திரும்ப முதலிலிருந்து.
நாணயங்களை ஒவ்வொன்றாக
அவன் உள்ளங்கையில் வைத்தாள்.
பின்னால் லாரிகள் அலறின.
பக்கத்து இருக்கையில் இருந்தவன்
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மைக் திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.
"பத்திரமாகப் போங்கள்."
ஊருக்கெல்லாம் சொல்லும் மரியாதையா,
இருவருக்குமான பன்மையா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
மறுபாதி வர நேரமானது.
கட்டை ஏற்கெனவே எழுந்திருந்தது,
கார் நகரவில்லை.
வந்தது.

ஆறு மணிக்குக் கணக்கு முடித்தோம்.
அவள் பெட்டியில் இருபது ரெயால் குறைந்தது,
பதினோரு வருடத்தில் முதல் முறை.
என் பையிலிருந்து போட்டேன்.
ஸ்தோத்திரம் சொல்வாள் என்று நினைத்தேன்.
"கடன்" என்றாள்,
என் சாவிக்கொத்தைப் பார்த்தபடி.